அமைச்சர் பேசும்போது மட்டும் இணையம்

1

இந்தக் கதை ஈவ்லின் கொடுத்தது. சித்தூரில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, "எங்க வூட்டுக்காரர பத்தி எழுதுங்க சார். அந்த நாட்டுப் பேரு மட்டும் வாணாம், அங்க இருக்கறவங்களுக்கு எதுனா ஆயிடும்" என்றார்.

ஆப்பிரிக்காவில், உள்நாட்டுப் போர் நடக்கும் ஒரு நாடு. அவ்வளவுதான் சொல்வேன்.

'செம்மண் புழுதியில் சூரியன் மெல்ல…' (இந்த வரியை அடித்துவிட்டேன். நான் திருப்பதியைத் தாண்டி அதிகம் போனதில்லை.)

2

ஈவ்லினின் கணவர் ஸ்டீவன் அங்கே செல்போன் கோபுரப் பொறியாளராக இருந்தார். இணைப்பைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில்தான். தொலைத்தொடர்பில் யாரும் தொழில் செய்யலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்திருந்தது. உரிமம் கிடைத்ததெல்லாம் அத்துறை அமைச்சரின் மைத்துனர்களுக்கு. கோபுரத்தைச் சுட்டது ராணுவமா கிளர்ச்சியாளர்களா என்று ஸ்டீவன் கேட்பதில்லை. சுட்ட பிறகு இரு தரப்புமே அவரிடம் வந்து சிக்னல் இல்லை என்று சண்டை போடும்.

போர் வடக்கு நகரத்தை எட்டியதும் பாதுகாப்புக்காக நாடெங்கும் போன், இணையம் இரண்டையும் நிறுத்தினார்கள். அதே மாதம் 'வீட்டுக்கு வீடு இணையம்' கொள்கையை அமைச்சர் இணைய நேரலையில் அறிவிக்க வேண்டியிருந்தது.

"நான் பேசும்போது தலைநகரத்துக்கு மட்டும் திறந்துவிடு. முடிந்ததும் மூடு" என்றார் ஸ்டீவனிடம்.

3

ஸ்டீவனின் அலுவலகத்தில் கிரேஸ் என்ற உள்ளூர்ப் பெண் வேலை செய்தாள். அவள் தங்கை வடக்கு நகரத்தில் இருந்தாள். உயிரோடிருக்கிறாளா என்றே தெரியவில்லை.

அமைச்சர் பேசத் தொடங்கியதும் ஸ்டீவன் வடக்கையும் திறந்துவிட்டார். தலைநகரமும் வடக்கும் ஒன்றையொன்று கூப்பிட்டன. நெரிசலில் அமைச்சர் திறந்த வாயோடு திரையில் உறைந்தார். கிரேஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். தங்கை பேசினாள்.

மூடச் சொல்லி ராணுவம் வந்தது. "கோளாறு, மூட முடியவில்லை" என்று பொழுது சாயும்வரை ஸ்டீவன் சமாளித்தார். பிறகு அடித்து, விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

(வீரனாக்கிவிட்டேனோ என்று அவரிடமே கேட்டேன். "வீரமெல்லாம் இன்னா சார்! அந்தப் பொண்ணு மூஞ்சிய பாத்துக்கினு சும்மா உக்கார முடியல.")

4

இணையப் பயன்பாட்டில் நாடு அன்று சாதனை படைத்ததாகவும், கொள்கை மாபெரும் வெற்றி என்றும் அரசு அறிவித்தது. இப்போது புது அமைச்சர். கோபுரங்களைச் சீர்செய்ய ஸ்டீவனையே மறுபடி அழைக்கிறார்கள்.

"போவலன்னு எழுதுங்க சார்" என்கிறார் ஈவ்லின்.

"வடக்குல இன்னும் சிக்னல் இல்ல ஈவ்லின்" என்கிறார் ஸ்டீவன்.

இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன். அவரை அனுப்புவதென்றால், ஈவ்லினிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.