முதல் கிண்ணம்

மாமனார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கப்பலில் சமையல்காரராக இருந்த காலத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் குடித்த வியட்நாம் நூடுல்ஸ் சூப். மூன்று வாரமாகக் கஞ்சியைக்கூடத் தொடாதவர் வாய் திறந்து கேட்டதே பெரிது. இன்னும் இரண்டு கிலோ எடை குறைந்தால் ஆபரேஷன் செய்ய முடியாது என்று டாக்டர் கையை விரித்திருந்தார்.

மருமகள் தையல்காரி. துணியைப் போலவே சமையலிலும் அவளுக்கு அளவு பிசகாது. மாட்டெலும்பை ஒரு கொதி விட்டு, நுரையோடு தண்ணீரைக் கொட்டிக் கழுவினாள். வெங்காயத்தையும் இஞ்சியையும் நெருப்பில் கருகச் சுட்டாள். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு மூன்றையும் வறுத்து, வெட்டி மிஞ்சிய மல் துணியில் முடிந்தாள். எல்லாவற்றையும், நாள் முழுக்க மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் போட்டு, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி மூடியபோது காலை ஏழு மணி. குக்கரைக் கணவன்தான் தன் ரிப்பேர் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தான்.

சாயங்காலம் திறந்தால் ஒரு கிண்ணம் அளவு குறைந்திருந்தது. வற்றியிருக்கும் என்று நினைத்துத் தண்ணீர் விட்டு நிரப்பினாள். மாமனார் ஒரு கரண்டி குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெறுந்தண்ணிம்மா இது."

மறுநாள் புதிதாக வைத்தாள். அன்றும் ஒரு கிண்ணம் குறைவு. தண்ணீர் விடாமல் கொடுத்துப் பார்த்தாள். அவர் வாயே திறக்கவில்லை. சமையலறைக்குத் திரும்பி வந்தபோதுதான் கவனித்தாள். தொட்டி ஓரத்தில் ஒரு கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. இன்னும் ஈரம் சொட்டியது. அவள் கழுவவில்லை. மாமனாரால் தானாக எழுந்து உட்காரவே முடியாது. வாசலிலிருந்து சமையலறைக்கு வர, அவளுடைய தையல் மெஷினைத் தாண்டித்தான் வரவேண்டும்; யாரும் தாண்டவில்லை.

கணவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "மூடி வெச்ச ஸ்லோ குக்கர்ல எப்படி வத்தும்? ஆவி மூடியில பட்டுத் திரும்ப உள்ளதானே விழும்? பூனை எதாவது குடிச்சிருக்கும்."

"கிண்ணத்தக் கழுவிக் கவுத்து வைக்கிற பூனையா? புடிச்சிட்டு வாங்க, நானே வளக்குறேன்." அவள் சிரிக்கவில்லை. குக்கரின் கைப்பிடியில் ஒரு துண்டு நூல் தொங்கியது. கடையில் ரிப்பேர் சீட்டு கட்டியிருந்த நூல். "ஏங்க, இது யாரோடது?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "ஒரு அம்மா ரிப்பேருக்குக் குடுத்தாங்க. மூணு வருஷம் ஆச்சு. வாங்கவே வரல."

"நீங்க சொன்ன நாள்ல குடுத்தீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். "வீட்டுக்காரருக்கு முடியல, சூப்புதான் இறங்குதுன்னு சொன்னாங்க. நாலு தடவ நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன். அப்புறம் வரல. ரெண்டு பேருமே தவறிட்டாங்கன்னு பின்னாடி கேள்விப்பட்டேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. வெகுநேரம் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், கிண்ணத்தில் அரிசி நூடுல்ஸ் போட்டு, மேலே சூப்பை ஊற்றி, குக்கர் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க பாத்திரத்தக் கேக்காம எடுத்துட்டோம். மன்னிச்சுக்கங்கம்மா. முதல் கிண்ணம் உங்களுக்கு."

சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். ஊசி நாலு தையல் இறங்கியிருக்காது. மாமனார் அறையில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அவருடைய சிரிப்பு.

ஓடிப்போய்ப் பார்த்தாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் காலிக் கிண்ணம். கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி.

"யாரும்மா அந்தம்மா, உன் சிநேகிதியா? ஊட்டியே விட்டுட்டாங்க."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

"நேத்து வரைக்கும் அவங்க வீட்டுக்காரருக்குக் கொண்டு போனாங்களாம். அவர்தான் இன்னிக்குச் சொன்னாராம், எனக்குப் போதும், அங்க ஒருத்தர் பட்டினியாக் கிடக்காரு, அவருக்குக் குடுன்னு." உதட்டைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் இருக்காம்மா?"

அவள் நாற்காலியைத் தொட்டாள். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சிந்தாமல் இரண்டு கிண்ணம் ஊற்றினாள், ஒன்று மாமனாருக்கு, ஒன்று அந்தம்மாவுக்கு.