கருப்பசாமிக்கு மூன்றாம் மாடி

குலுக்கலில் எங்களுக்குத் தரைத்தளம் விழுந்தபோது நான் கைதட்டினேன். என் வீட்டுக்காரர் செல்லக்கண்ணு மட்டும் இடி விழுந்தவர் மாதிரி நின்றார்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து, ஸ்ரீரங்கத்துக் கரையோரம் இருந்த எங்கள் குடிசைகள் போன பிறகு ஐம்பது நாள் சமுதாயக்கூடத்தில் கிடந்தோம். கடைசியில் திருவெறும்பூர்ப் பக்கம் மூன்று மாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தரைத்தளம் என்றால் வரம்தான். இவருக்கோ வேறு கவலை. பரம்பரையாகக் கருப்பசாமிக்கு ஆடுகிறவர். வெள்ளத்தன்று அரிசி மூட்டையை விட்டுவிட்டுச் சாமிப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த புண்ணியவான்.

"பெட்டிக்கு மேல மனுசக் கால் படக் கூடாது, காளியாயி. இங்க நம்ம தலைக்கு மேல மூணு கக்கூஸ் இருக்கு!"

ஆற்றங்கரையில் எங்கள் கூரைமேல் காக்காய்தான் நடந்தது.

மூன்றாம் மாடி விழுந்த எலக்ட்ரீஷியன் ஜூடிடம் பேசி, வீட்டை மாற்றிக்கொள்ளச் சம்மதமும் வாங்கிவிட்டார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதுமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கையெழுத்துக்கு முன்னால், ஜூடோடும் அவர் மனைவியோடும் அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். ஐம்பத்து நான்கு படி. முதல் மாடிவரை கம்பியைப் பிடித்து ஏறினேன். அதற்குமேல் முடியவில்லை. படியில் உட்கார்ந்து, பின்பக்கமாக ஒவ்வொன்றாக நகர்ந்தேன். வெட்கத்தில் அழுகை வந்தது, அழுதேன். முன்னால் போன இவர் திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

ஜூடின் மனைவி பிரான்சிதான் வாய் திறந்தாள்.

"அண்ணே, பெட்டிதான மேல இருக்கணும்? அக்கா எதுக்கு? எங்க வீட்டுப் பரண் காலியாத்தான் கெடக்கு. நாங்க மேலயே இருந்துக்கறோம், சாமியும் எங்களோட இருக்கட்டும். வெள்ளிக்கெழம வந்து வெளக்கேத்திட்டுப் போங்க."

"வேதக்காரங்க வீட்லயா?" என்றார் இவர்.

"மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சாமிக்குச் சாராயம் படைப்பீங்கல்ல, அதான் பயம். இவருகிட்டேர்ந்து பாட்டில சாமிதான் காப்பாத்திக்கணும்." ஜூடைக் காட்டினாள். அவரே சிரித்துவிட்டார்.

இவர் சிரிக்கவில்லை. "நாளைக்குப் பூப் போட்டுக் கேப்போம். வெள்ளை வந்தா சாமிக்குச் சம்மதம். செவப்பு வந்தா வீட்ட மாத்திக்குவோம்."

மறுநாள் காலை கட்டிட வாசலில், வானம் தெரிகிற இடமாகப் பார்த்துப் பெட்டியை இறக்கினார். அவரே பூவை மடித்து இரண்டு பொட்டலம் போட்டார். பிரான்சியை ஒன்று எடுக்கச் சொன்னார். சிவப்பு வந்தால் சாகும்வரை எனக்கு மூன்றாம் மாடியில் சிறைதான்.

பிரித்தாள். நந்தியாவட்டை. வெள்ளை!

அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாள் பாரமும் இறங்கிப்போனது.

மூன்று பேரும் பெட்டியோடு மேலே போனார்கள். மிஞ்சிய பொட்டலம் காலில் மிதிபடக் கூடாதே என்று எடுத்துப் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டைதான்.

நாற்பது வருடமாகச் சாமிக்குப் பயந்து நடுங்குகிற மனுஷன், அந்தச் சாமியிடமே எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். கண் நிறைந்துவிட்டது. பூவை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டேன்.

இறங்கி வந்தவர் அதைப் பார்த்தார். நழுவ இருந்த பூவைச் சரியாகச் செருகிவிட்டார்.