அஞ்சுக்கு மேல

“சத்தமாப் படிக்கிறேன், கேளு. ‘இக்கவிதையில் கடல் தாயாக உருவகிக்கப்பட்டுள்ளது. மனநிலை சோகம்.’ அவ்வளவுதான் எழுதியிருக்கான். பத்துக்கு எவ்வளவு போட?”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அக்கா நல்ல கையைத் தூக்கி மூன்று விரல் காட்டினாள்.

“ரெண்டு வரிக்கு மூணா? இங்க வந்து உனக்கு மனசு இளகிப்போச்சு.”

அவள் முறைத்துவிட்டு ஒரு விரலை மடக்கினாள். தம்பி சிரித்துக்கொண்டே இரண்டு என்று எழுதினான்.

பக்கவாதம் அவளுடைய பேச்சையும் வலது கையையும் கொண்டுபோயிருந்தது. மாலை நேரக் கல்லூரியில் இங்கிலீஷ் கவிதை நடத்துகிறவள் அவள். விக்டோரியா மகாராணி காலத்துக் கவிஞர் ஒருவர் கடலைப் பற்றிப் பாடியதை வைத்துப் பரீட்சை நடத்தியிருந்தாள். விடையைத் தமிழிலேயே எழுதலாம் என்றும் சொல்லியிருந்தாள். தாள்களைத் திருத்தாமல் விடமாட்டேன் என்று கண்ணாலேயே அடம்பிடித்து அவற்றை வரவழைத்துவிட்டாள்.

டயர்க்கடை வைத்திருக்கும் தம்பியும் ஒருகாலத்தில் அவளிடம் படித்தவன்தான். கூடப்பிறந்தவன் என்றும் பாராமல் ஃபெயில் போட்டாள். அதைக் கடைக்கு வருகிறவர்களிடம் மெடல் வாங்கியதுபோல் சொல்லிக்கொள்வான். “எங்கக்கா என்னையே ஃபெயில் போட்டவ. அவகிட்ட சிபாரிசு செல்லாது.”

கடைசித் தாள் ஒரு பஸ் கண்டக்டரம்மாவுடையது. எழுத்து கோணல்மாணலாக, ஓடுகிற வண்டியில் எழுதியதுபோல் இருந்தது. தம்பி எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“‘மனநிலை சோகம் என்று எல்லாரும் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடல் கதவைத் தட்டுகிறது என்கிறார் கவிஞர். அலை தானாக மோதுவதற்குத் தன் மனதில் உள்ள காரணத்தை ஏற்றிச் சொல்கிறார். இது தற்குறிப்பேற்றம். அந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. அழுகிறவர் ஒரே சொல்லை இவ்வளவு நிதானமாகத் திருப்பிச் சொல்லமாட்டார். திறக்கிறவரை நகரமாட்டேன் என்கிறவர்தான் சொல்வார். இந்தக் கவிதையின் மனநிலை வீம்பு.’”

நிமிர்ந்து பார்த்தான். அக்காவின் கண்கள் விரிந்திருந்தன.

“இன்னொரு தடவை படிக்கணுமா?”

இமையை மூடித் திறந்தாள். மறுபடி படித்தான், இந்தமுறை தடங்கலில்லாமல்.

கை மேலே வந்தது. ஐந்து விரலும் விரிந்தன. பிறகு மடங்கின. அடுத்து எத்தனை என்று பேனாவோடு காத்திருந்தான். கை மெல்லப் போர்வைமேல் இறங்கியது. களைப்பாக இருக்கும், தூங்கி எழட்டும் என்று விட்டுவிட்டான். சாயங்காலம் டாக்டர் வந்து நாடி பார்த்தார். போர்வையை அவள் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டு அவன் தோளைத் தொட்டார்.

மறுநாள் மயானத்திலிருந்து திரும்பியபோது கல்லூரியின் துறைத்தலைவர் வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“பாவம், கடைசிவரைக்கும் தனியாவே இருந்துட்டாங்க. அவங்க நினைவா எல்லாருக்கும் முழு மார்க் போட்டுடலாம்னு பாக்கறேன்.”

“பாவமா? யாரு, எங்கக்காவா?” தம்பிக்குக் குரல் உயர்ந்தது. “சும்மா மார்க் போட்டீங்கன்னா எழுந்து வந்து உங்களையும் சேத்துத் திருத்துவா சார். வாய் போயி, ஒத்தக் கையால போட்ட மார்க் இது. அவ போட்டதுதான் மார்க்கு.”

துறைத்தலைவர் தாள்களை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் தம்பி கொடுக்கவில்லை.

அந்த ஒன்றுக்கு உரியவள் வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்தாள். தாளை அவளிடம் நீட்டினான். மார்க் போடுகிற இடத்தில் ‘அஞ்சுக்கு மேல’ என்று எழுதியிருந்தது.

“அஞ்சு காட்டினா. அப்புறம் விரலை மடக்கினா. மேல எத்தனைன்னு சொல்றதுக்குள்ள...” மார்க் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான். “நானா ஒண்ணும் சேக்க மாட்டேன்மா. தப்பா நெனைக்காதீங்க.”

“எனக்கு நாலைத் தாண்டினதே இல்ல சார்,” என்றாள் கண்டக்டரம்மா.

“ரெண்டு தடவை படிக்கச் சொன்னா. உங்களுத மட்டும்தான்.”

அவள் தலையாட்டினாள். தாளோடு வெளியே வந்தாள். வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் உட்கார்ந்து, தான் எழுதியதையே முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நாற்காலி எடுக்க வந்தவர் ஒரு கணம் நின்றார். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.