ஆவுடையப்பன் நடக்காமல் விட்ட பாதை

எங்கள் ஊர் ஆற்றங்கரை நடைபாதையில் ஒருவர் எவ்வளவு தூரத்தை நடக்காமல் விடுகிறாரோ, அந்த மிச்சத் தூரம் பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். நகராட்சித் தீர்மானம் அப்படி.

பாதை ஒன்றும் கடினமானதல்ல. பழைய கடைத்தெருவுக்குப் பின்னால், மேடு பள்ளம் இல்லாமல், கல் பதித்து, கைப்பிடிக் கம்பி போட்டு, ஆயிரத்து இருநூறு மீட்டர். முகப்பில் ஒரு பலகை: ‘மிக எளிது. முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் நடக்கலாம்.’ ஓய்வுபெற்ற சர்வேயர் ஆவுடையப்பனுக்குச் சர்க்கரை இருந்தது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார்.

முந்நூறாவது மீட்டரில் சில படிகள் உண்டு. ஏறினால் கடைத்தெரு. இருநூறு வருஷத்துக் கட்டடம் ஒன்றில் அல்வாக் கடை. மாலை ஐந்தரைக்குத் திறப்பார்கள், ஆறரைக்கு அண்டா காலி. நாளில் எத்தனையோ நேரம் இருக்க, ஆவுடையப்பன் நடக்கக் கிளம்பியது ஐந்தேகாலுக்கு. “ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்தவனுக்கு இதையா அளக்கத் தெரியாது” என்று அவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். இலைத் துண்டில் சூடாக நூறு கிராம் வாங்கித் தின்றுவிட்டு, கடைத்தெரு வழியாகவே வீடு திரும்புவார்.

முதல் நாள் வந்த தொள்ளாயிரம் மீட்டர், முன்பக்கக் கூடமான பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவே படுத்துக்கொண்டது. கூடவே இரண்டு பெஞ்சுகள் வந்திருந்தன. அவர் மனைவி உலகம்மாள் அதைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். மறுநாள் இன்னொரு தொள்ளாயிரம் வந்தது. நான்காம் நாள், காலை ஐந்து மணிக்கு அடுக்களையிலிருந்து கிளம்பிய காப்பி ஆறு மணிக்கு ஆடை படிந்து பட்டாசலுக்கு வந்தது. அத்துடன் உலகம்மாள் பாயைச் சுருட்டி அடுக்களையிலேயே போட்டுக்கொண்டாள். ஆட்டோ வைக்கலாம் என்றால், வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகையும் பாதையோடு வந்திருந்தது.

பதினோராம் நாள் ஆவுடையப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். பட்டாசலிலிருந்து அடுக்களை முன்பு பதினெட்டு அடி. இப்போது ஒன்பது கிலோமீட்டர் தொள்ளாயிரம் மீட்டர் பதினெட்டு அடி. கணக்கு சுத்தமாக வந்ததில் அரை நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு, அவள் முகத்தைப் பார்த்து ஏழு நாள் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தது. நாற்பத்தொரு வருஷத்தில் இப்படி இருந்ததில்லை. மனசு தாங்கவில்லை. வாயில் அல்வாவை வைத்துக்கொண்டு வருத்தப்படுவது அவருக்கே வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு உலகம்மாள் போன் செய்தாள்.

“நாளைக்கு மத்தியானம் அண்ணன் கார் கொண்டு வாரான். புறவாசல் வழியா நான் கிளம்புதேன். தென்காசில இருந்துக்கிடுதேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“இவ்வளவு தூரத்துல இருக்கதுக்கு, இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன?”

அவர் தெருவைச் சுற்றிப் போய்ப் புறவாசல் கதவைத் தட்டினார். “முன்வாசல் வழியா வாங்க” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. நகராட்சிக்கு ஓடினார். அங்கே குமாஸ்தா ஜெபராஜ், தன் மிச்சத்தில் நாற்பது மீட்டரைச் சுருட்டி மேஜைக்கு அடியில் போட்டு, அதன்மேல் கால் நீட்டியிருந்தார்.

“அண்ணாச்சி, உங்க மிச்சத்த நீங்கதான் நடக்கணும். முழுசும் நடந்து முடிச்சா அதுவா எங்ககிட்ட திரும்பிரும். நடுவுல உக்காந்தீங்கன்னா மறுபடி முதல்லேருந்து.”

“நீங்க நடக்கலியா?”

“நமக்கு முட்டுவலி” என்றார் ஜெபராஜ்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஆவுடையப்பன் பட்டாசலிலிருந்து புறப்பட்டார். இரண்டாவது கிலோமீட்டரில் எதிர்வீட்டுத் தம்பதி எதிரே வந்தார்கள். “சர்வேயர் சார் வீட்டுப் பாதைல கூட்டமே இல்ல, நிம்மதியா இருக்கு” என்றுவிட்டுக் கடந்தார்கள். வழியில் இருபத்திரண்டு பெஞ்சுகள். ஒவ்வொன்றும் அவர் உட்காருவதற்கென்றே போட்டது போல இருந்தது. ஐந்தாவது கிலோமீட்டரில், இவ்வளவு தூரத்தில் எங்கேயும் கடைத்தெருவுக்கு ஏறும் படிகள் இல்லாததைக் கவனித்தார். படிகள் இருந்தது அவர் நடந்துவிட்ட முந்நூறு மீட்டரில். அல்வாவுக்குப் போகும் வழியை மட்டும் ஒருநாள் தவறாமல் நடந்து தீர்த்திருக்கிறார். சிரிப்பு வந்தது, மூச்சு வாங்கியதால் சிரிக்க முடியவில்லை. ‘மிக எளிது’ என்ற பாதையில் கர்ப்பிணிகளெல்லாம் கைவீசிப் போக, தான் ஒருவன்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறவன் என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

பதினொன்றே முக்காலுக்குக் கடைசிக் கல்லைத் தாண்டினார். அவர் குதிகாலுக்குப் பின்னால் பாதை சுருண்டு, பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாக வெளியே போனது. பட்டாசல் பதினெட்டு அடி தூரத்துக்கு வந்து நின்றது.

உலகம்மாள் பையைக் கட்டி வைத்துவிட்டு அடுப்பருகே நின்றிருந்தாள். அவள் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. ஆவுடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“போகாத உலகு. நீ இல்லாம எனக்கு முடியல” என்றார்.

அவள் போனை எடுத்து, அண்ணனை வர வேண்டாம் என்று சொன்னாள். பிறகு காப்பியை ஆற்றி நீட்டினாள். ஆவி பறந்தது.

“குடிச்சிட்டு அப்படியே புறவாசலுக்குப் போங்க. பேச்சுக்கும் அதே தீர்மானமாம். நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே நீங்க பாதில எந்திரிச்சுப் போனீங்கல்லா, அந்த மிச்சம் பூரா நேத்து வந்து இறங்கிருக்கு. வருஷ வாரியா அடுக்கி வச்சிருக்கேன்.”

அவர் டம்ளரோடு ஒரு பலகையை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனார். கட்டுகள் மதில் உயரத்துக்கு இருந்தன. பலகையைப் போட்டு உட்கார்ந்து, முதல் கட்டை அவிழ்த்தார். கல்யாணமாகி மூன்றாம் மாதத்துப் பேச்சு அது. “இன்னைக்குப் புளி வாங்கப் போனேனா...” என்று ஆரம்பித்தது.

“ம், சொல்லு” என்றார் ஆவுடையப்பன்.