கிணறு நகர்ந்த வெள்ளிக்கிழமை

பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம், ரேடியோ அலையால் வானத்தைத் தட்டிப் பார்க்கும் கூடம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் சவுரிராயன் பதிமூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. பங்குனி மாதம். பொழுது சாய்ந்ததும், வானத்து உயரத்தில் மின்னேறிய அடுக்கான அயனி மண்டலத்தின் அடிப்பாகம் உலைநீர்போலக் கொப்புளம் விடும். வானம் அமைதியாக இருந்தால், மேலே போய்த் திரும்பும் அலை திரையில் மெல்லிய கோடாக விழும். கொப்புளம் கிளம்பினால் ஈரத்தாளில் மை ஊறியதுபோல அப்பிக்கொள்ளும். அது அடங்குகிறவரை ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டும். பதிமூன்று நாளும் அப்பியது. அவர் விட்ட கொட்டாவிக்குள் ஒரு தும்பி நுழைந்து, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அவர் கவனிக்கவில்லை.

பதினான்காம் நாள் மதியம், பக்கத்து நிலத்து வீரம்மாள் வந்தார்.

"உங்க மிஷினு எங் கெணத்த ஆறடி தள்ளி வுட்டுடுச்சி சார்."

விஷயம் இதுதான். எல்லை அளக்க வந்த சர்வேயர் வெயிலுக்குப் பயந்து, இருட்டுகிற நேரத்தில் சேட்டிலைட் கருவியை நட்டிருக்கிறார். கிணறு பங்காளி சக்கரபாணியின் பக்கம் போய்விட்டது. வீரம்மாளின் மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச அந்த ஒரு கிணறுதான்.

"மிஷினு தள்ளலம்மா. சேட்டிலைட்டு சிக்னலு கொப்புளத்துல பூந்து வந்தா தடுமாறும். என்னிக்கி அளந்தீங்க?"

"போன வெள்ளிக்கெயம, ஏழு மணி."

திரையில் விழுந்ததை அச்சடித்து வைத்த வெள்ளிக்கிழமைத் தாளை எடுத்தார். ஏழு மணிக்கு முழு அப்பல்.

"அப்ப வந்து சொல்லுங்க சார். சண்ட போட்டு இன்னிக்கி அதே நேரத்துக்கு மறுபடி அளக்க வெச்சிருக்கேன். இல்லன்னா பங்காளி நாளைக்கி வேலி போட்ருவாரு."

அன்றைக்காவது சீக்கிரம் படுக்கலாம் என்று இருந்தவர், "வர்றேன்" என்றார்.

கிணறு நடப்பதைப் பார்க்க வளவனூரிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. சவுரிராயன் செல்போனில் கூடத்தின் திரையைப் பார்த்தார். தலைமுடிபோல ஒரே கோடு. பதிமூன்று நாள் கொதித்த வானம் அன்றைக்கென்று அடங்கிவிட்டது. சர்வேயர் மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் கிணறு வீரம்மாளின் நிலத்திலேயே இருந்தது.

"அன்னிக்கி ஒரு அளவு, இன்னிக்கி ஒரு அளவு. எது சார் பொய்யி?" என்றார் சக்கரபாணி.

சவுரிராயன் பாதிக் கண்ணோடு தாளையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். "அது கலங்குன தண்ணி. இது தெளிஞ்ச தண்ணி. அடி எதுல தெரியும், நீங்களே சொல்லுங்க."

சக்கரபாணி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரிய பேஜாரா கீது" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். "கல்ல நடுங்கடா."

"கெணறு நவுரவே இல்லியே" என்று கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது.

கல் வந்தபோது, சவுரிராயன் எல்லைக்கோட்டின்மேல் குறுக்காக விழுந்து தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கினார்கள். தண்ணீர் தெளித்தார்கள்.

"வுட்ருங்க, பாவம்" என்றார் சக்கரபாணியே.

ஆளைச் சுற்றிக் கல்லை நட்டார்கள். அவர் எழுந்தது மூன்றாம் நாள். அந்த நேர் எல்லையில் ஓர் ஆள் அளவுக்கு வளைவு இன்னும் இருக்கிறது. புதிதாக வருகிற சர்வேயர்கள் கருவியில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி அளக்கிறார்கள்.