காக்கையின் வேகம்

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த தெட்சிணாமூர்த்தியின் அண்ணன், கையோடு கொண்டுவந்திருந்த சின்னக் கம்ப்யூட்டரைக் கோவில்பத்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். பிரான்சில் அது பழைய சரக்காகிவிட்டதாம். ரப்பர் பொத்தான்கள் வைத்த தட்டையான பெட்டி. டி.வி.யில் ஒரு வயரையும் டேப் ரிக்கார்டரில் ஒரு வயரையும் செருகினால் வேலை செய்யும். எண்பத்தாறாம் வருஷம் அந்தத் தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது.

தெட்சிணாமூர்த்தியின் மனைவி திரிபுரசுந்தரி கணிதம் படித்தவள். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. மாமனார் சோமசேகரன்தான் படித்து அர்த்தம் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்துப் பெயரால் மேரி என்று ஊர் இன்னமும் சொல்கிற நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் வாதம் வந்ததில் வலது கை சரியாக எழவில்லை. விரல்களுக்குப் பயிற்சி என்று டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அவர் தொடுவதே இல்லை.

புத்தகம் முடிந்ததும் சுந்தரி தானாகவே ஒரு விளையாட்டு எழுதினாள். பாயில் நெல் காய்கிறது. காக்கைகள் இறங்குகின்றன. இரண்டு பொத்தான்களை அழுத்தி ஓர் ஆளை அப்படியும் இப்படியும் ஓடவிட்டு விரட்ட வேண்டும். எழுதினாளே தவிர, அது ஓடவில்லை, தவழ்ந்தது. பொத்தானை அழுத்தினால் ஆள் யோசித்துவிட்டு நகர்ந்தான். ஒவ்வோர் அடிக்கும் திரை இருண்டு வெளுத்தது.

"என்ன சுந்தரி, காக்காய்க்கும் வாதமா?" என்று கேட்டுவிட்டு, அப்பா அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தெட்சிணாமூர்த்தி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சோமசேகரன் கண்டுகொள்ளவில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து உட்கார்ந்து, வலது கை ஆள்காட்டி விரலாலேயே அழுத்தி, காக்கைகளை விரட்டினார்.

சுந்தரிக்கோ அந்தத் திக்கல் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு காக்கை ஒரு கட்டம் நகர்வதற்காக முழுத் திரையையும் அழித்து மறுபடி வரைந்துகொண்டிருந்தாள். அதை நிறுத்தி, காக்கை விட்டுப்போன கட்டத்தை மட்டும் அழிக்கச் சொன்னாள். பாதித் தொல்லை தீர்ந்தது. எழுதியதில் அடிக்கடி வேண்டியிருக்கும் வரிகளை இயந்திரம் ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலிருந்து தேடிக்கொண்டு வருகிறது என்று புரிந்ததும் அவற்றைத் தூக்கி முன்னால் போட்டாள். காக்கை கத்துகிற நேரமெல்லாம் மற்ற வேலை நின்றுபோவதால் கத்தலையும் எடுத்துவிட்டாள். பழையதன் மேலேயே கேசட்டில் பதிந்தாள்.

இப்போது காக்கைகள் நிஜமாகவே பறந்தன. தெட்சிணாமூர்த்தி ஆபீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் விளையாடினான்.

மறுநாள் சோமசேகரன் உட்கார்ந்தார். விரல் பொத்தானுக்குப் போவதற்குள் பாயில் ஒரு மணி நெல் இல்லை. இன்னொரு முறையும் அப்படியே ஆனது.

"நல்லா இருக்கும்மா" என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

"பழசையே போட்டுடேன்" என்றான் தெட்சிணாமூர்த்தி.

"பழசு ஏதுங்க? அழிச்சாச்சு."

அவ்வளவு பாடுபட்டு வேகமாக்கியதை மந்தமாக்க அவளுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் ஒரு வரி சேர்த்தாள். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் இயந்திரம் சும்மா ஒன்று, இரண்டு என்று அவள் சொன்ன எண் வரைக்கும் எண்ணிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பிறகு மாமனாரைக் கூப்பிட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு நிறுத்தினார்.

"இது பழசு இல்லையே. அது திக்கித் திக்கிப் போவும். இது நிதானமால்ல போவுது?"

"ஆமாங்க மாமா. நான்தான் மெதுவாக்கினேன்."

"எனக்காக உன் வேலையக் கெடுத்துக்கிட்டியா?"

"கெடுக்கலைங்க மாமா. அப்ப முடியாம மெதுவாப் போச்சு. இப்ப நாம சொல்றதால போவுது. எண்ணுற நம்பரைக் குறைச்சா வேகமாயிடும்."

அவர் திரைக்கு இன்னும் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். கோபமா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க, மாத்து பாப்போம்."

குறைத்தாள். தோற்றார். "கொஞ்சம் ஏத்து" என்றார். ஏற்றினாள். ஜெயித்தார். "இது ரொம்ப சுளுவு. இறக்கு." மத்தியானம் முழுக்க அப்படியே போயிற்று. கடைசியில் இரண்டு ஆட்டத்தில் ஒன்று தோற்கிற மாதிரி ஓர் எண்ணில் வந்து நின்றார்கள். அங்கேயே இருக்கட்டும் என்றார் அவர்.

அந்த மழைக்காலத்தில் அந்த எண்ணை மூன்று தடவை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு தடவை குறைத்தாள். ஒரு தடவை, அவருக்குக் காய்ச்சல் கண்டு எழுந்த வாரத்தில், அவரே கேட்டு ஏற்றிவைத்தாள்.