செடி அழைத்தவர்கள்

"செடிக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம்?" என்று சித்தி ஒருமுறை கேட்டாள். "ரெண்டும் வாயே திறக்காது. செடியாவது காய்க்குது."

பள்ளிக்கூடத்தை விட்டபின் அவளோடு தக்காளி வளர்க்கும் பசுமைக்குடிலுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேலே கண்ணாடி, பக்கமெல்லாம் மெல்லிய வலை. செடிகளில் புழு விழுந்திருந்தது. மாதக் கடைசிக்குள் ஒழியாவிட்டால் மருந்து அடிப்போம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சித்திக்கு இளைப்பு உண்டு. மருந்து அடித்த இடத்தில் அவளால் மூச்சு விட முடியாது. மருந்து உள்ளே வந்தால் அவள் வெளியே போகவேண்டியதுதான்.

அதனால் விழுந்து விழுந்து புழு பொறுக்கினோம். எல்லாம் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போனது. சில புழுக்களின் முதுகில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும்.

"முட்டையோட நிக்குது பாரு, பிள்ளைத்தாச்சி! அதை முதல்ல எடு," என்பாள் சித்தி. அவற்றைத் தேடித் தேடிக் கொன்றோம்.

அந்தப் புழுக்கள் மட்டும் இலையைத் தின்னாமல் சும்மா கிடந்தது எனக்கு உறுத்தியது. ஒன்றை இலையோடு பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, கட்டிலுக்கடியில் வைத்தேன். சில நாளில் அந்த அரிசிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எறும்பைவிடச் சிறிய குளவிகள் வெளியே வந்தன. புழு வெறும் தோலாகச் சுருங்கிக் கிடந்தது.

மறுநாள் குடிலில் உற்றுப் பார்த்தேன். பின்பக்க வலையில் ஒரு கிழிசல். அதன் வழியே அதே குளவிகள் நுழைந்து, நல்ல செடிகளைத் தாண்டி, கடிபட்ட செடிகளையே சுற்றின. கடிபட்ட இலையை முகர்ந்தேன். நல்ல இலையில் இல்லாத ஒரு காரம் அதில் இருந்தது. அந்த வாசனையால்தான் செடி குளவிகளைக் கூப்பிட்டிருக்கிறது. வந்தவர்களின் பிள்ளைகளை நாங்கள் வாளியில் மூழ்கடித்திருக்கிறோம்.

பாட்டிலைச் சித்தியிடம் நீட்டினேன். "முட்டை இல்ல சித்தி, குளவிக் கூடு. புழுவை உள்ளேயிருந்தே தின்னுட்டு வெளிய வருது."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு வாளியைப் பார்த்தாள். "அடப் பாவமே," என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்து நேரே சூப்பர்வைசரிடம் போனாள். "அண்ணே, கொஞ்சம் பொறுங்க. குளவியே பார்த்துக்கும்."

"குளவியை நான் வேலைக்குச் சேர்க்கலையேம்மா," என்று சிரித்தார் அவர். பிறகு குரல் இறங்கியது. "நான் என்ன பண்ணட்டும்? மருந்து வந்து இறங்கிடுச்சு."

மாதக் கடைசியில், முகமூடி போட்டவர்கள் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்கள். சித்தி கையுறையைக் கழற்றி வாளி விளிம்பில் போட்டாள். பின்பக்கம் போய், கிழிசலில் விரல்களை விட்டு, வலையைத் தரைவரை கிழித்தாள். கடிபட்ட செடிகளை ஒவ்வொன்றாக உலுக்கினாள். பொடிப்பொடியாகக் குளவிகள் வெளிச்சத்தை நோக்கிப் பறந்தன.

"சித்தி," என்றேன்.

ஓயாமல் பேசும் சித்தி, என்னைப் பார்த்தாள். குளவிகள் போன அதே கிழிசல் வழியே குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனாள்.